எருமைக்கு வைத்த ஜன்னல்

ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் நான் பார்த்த உத்தியோகம் காற்றைக் கவனிக்கிற உத்தியோகம். சிரிக்க வேண்டாம், நிஜமாகவே அப்படி ஒரு வேலை இருந்தது. ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறி, எண்ணெய் தடவி, மேல்மாடிக்கு வருகிற ஆட்டுத் தோல்களை நிழலிலேயே உலர்த்த வேண்டும். அந்த மாடிக்குச் சுவர் கிடையாது. நாலு பக்கமும் வரிசையாகப் பலகைக் கதவுகள்தாம். காற்று அதிகமாக அடித்தால் தோல் விறைத்து அப்பளமாகிவிடும். குறைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். எந்தக் கதவை எந்த நேரத்தில் எத்தனை விரற்கடை திறப்பது என்று தீர்மானிக்கிறவன் நான். கூரையிலிருந்து அங்கங்கே நூல் தொங்கவிட்டிருப்பேன். நூல் ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்துக் கதவைத் தள்ளுவேன், சாத்துவேன். ஆட்கள் என்னை ‘காத்து மேஸ்திரி’ என்று கூப்பிட்டார்கள். கேலியாக ஆரம்பித்த பெயர் அது. நான் அதைப் பட்டமாகவே வைத்துக்கொண்டேன்.

பெரிய யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எனக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். என் மனைவி பள்ளிகொண்டாப் பக்கத்துக்காரி. அவள் வரும்போது ஒரு எருமையோடு வந்தாள். அது மூன்றாகப் பெருகியிருந்தது. தெருவில் பாதிப் பேர் எங்கள் வீட்டுப் பால்தான் வாங்கினார்கள். எருமைகள் விஷயத்தில் எனக்கு ஒரு அதிகாரமும் கிடையாது. கறப்பது, தீனி போடுவது, வைத்தியம் எல்லாம் அவள். கொட்டகை கட்டியது மட்டும் நான்.

அதைக் கட்டினதற்கு ஒரு காரணம் இருந்தது. அதற்கு முந்தின மார்கழியில் எங்கள் கன்று ஒன்று குளிரில் விறைத்துச் செத்துப்போயிற்று. அப்போது எருமைகளுக்கு ஒரு கீற்றுப் பந்தல்தான். அன்றைக்கு என் மனைவி சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை, ஆனால் அதை யாரும் கவனிக்கவில்லை. இனி இந்த வீட்டில் ஒரு பிராணியும் குளிரில் சாகக் கூடாது என்று முடிவு கட்டி, வெயில் காலம் முழுக்கச் செலவழித்துக் கொட்டகை எழுப்பினேன். முழங்கை நீளக் கனத்தில் மண் சுவர். மேலே நாட்டு ஓடு. வடக்கே சந்துப் பக்கம் ஒரே ஒரு கதவு, அதுவும் கெட்டிப் பலகை. தெற்கே எங்கள் சமையல்கட்டுச் சுவர். மேற்கே யாரோ ஒருவருடைய ஷாப்பின் சுண்ணாம்புக் குழிகள். அந்த நாற்றம் பாலில் ஏறும் என்று அந்தப் பக்கம் ஒரு துளைகூட விடவில்லை. கிழக்கே பக்கத்து வீட்டுச் சாயபுவின் பின்கட்டு. சுவர் முடிந்து கூரை தொடங்குகிற இடத்தில் சுற்றிலும் ஒரு சாண் சந்து இருந்தது. பட்டை வந்த கோணிப்பைகளைச் சுருட்டிச் சுருட்டி அதையும் அடைத்தேன். அடைத்து முடித்துவிட்டுக் கீழே இறங்கி, மனைவியைக் கூப்பிட்டு, "ஒரு எறும்பு நுழைய முடியாது, பாரு" என்றேன்.

"எறும்பு நுழையறது இருக்கட்டும். எருமை மூச்சு விட்டா அது எங்க போவும்?" என்றாள்.

பெண்கள் எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசி மழையில் கொட்டகை அரண்மனை மாதிரி இருந்தது. உள்ளே போனால் வெதுவெதுவென்று இருக்கும். எனக்கு ரொம்பப் பெருமை. கார்த்திகை பாதியில் எருமைகள் இரும ஆரம்பித்தன. முதலில் ஒன்று, அப்புறம் மூன்றும். விடியற்காலையில் கதவைத் திறந்ததும் மூன்றும் வரிசையாக நின்று கண்ணில் நீர் வடிய இருமும். எருமைக்கு ஒரு செம்புப் பால் முக்கால் செம்பாயிற்று. சந்தேகமில்லாமல் இது திருஷ்டி என்றேன் நான். அந்த மாதிரிக் கொட்டகை தெருவில் வேறு யாருக்கும் இல்லையே!

திருஷ்டிக்கும் மாட்டுக்கும் சேர்த்துப் பார்க்கிற வைத்தியர் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் எருமைகளின் நாக்கை இழுத்துப் பார்த்தார், காதை முகர்ந்து பார்த்தார். "சளி கட்டிக்கினு கீது. கொட்டாய்ல மூணு நாள் பொகை போடணும். கதவ நல்லா சாத்திக்கினு போடணும்" என்றார். வேப்பிலை, நொச்சி, கொஞ்சம் சாம்பிராணி, இன்னும் பெயர் சொல்லாத ஒன்று, எல்லாவற்றையும் ஒரு சட்டி நெருப்பில் கொட்டிக்கொண்டு உள்ளே போனார். நான் வெளியிலிருந்து கதவைச் சாத்தினேன்.

உள்ளே மந்திரம் கேட்டது. மந்திரம் கொஞ்சம் வேகமாயிற்று. பிறகு நின்றுபோய் இருமல் கேட்டது. எருமை இருமலா மனுஷ இருமலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அடுத்த நிமிஷம் கதவு என்னைத் தள்ளிக்கொண்டு திறந்தது. முதலில் வைத்தியர் வந்தார். அவருக்குப் பின்னால் கயிற்றை அறுத்துக்கொண்டு மூன்று எருமைகள். எல்லோரும் சந்து வழியாகப் பாலாற்றுப் பக்கம் போனார்கள். எருமைகள் சாயங்காலம் திரும்பி வந்தன. வைத்தியர் உள்ளே விட்டுப்போன தலைப்பாகையைக்கூடக் கேட்டு வரவில்லை.

அன்றிலிருந்து என் மனைவி எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள் என்பது பிற்பாடு தெரிந்தது. "ஆத்தங்கரையில மேயறப்ப ஒண்ணுகூட இருமல. பொழுது போயி உள்ள கட்டினா, காலையில இருமுதுங்க" என்று ஒருமுறை சொன்னாள். "குளிர் ஏறியிருக்கும்" என்று நான் சொல்லி, கோணிப்பைகளை இன்னும் இறுக்கமாக அடைத்தேன்.

எங்கள் ஊர் ஷாப்புகளுக்கு வெள்ளிக்கிழமை லீவு. ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை, கொட்டகையில் ஒரு ஓடு விலகியிருக்கிறது, வந்து பாருங்கள் என்று மனைவி கூப்பிட்டாள். நான் உள்ளே போய் அண்ணாந்து பார்த்தேன். ஓடு எதுவும் விலகவில்லை. பின்னால் கதவு சாத்துகிற சத்தமும், வெளித் தாழ்ப்பாள் விழுகிற சத்தமும் கேட்டன.

"இன்னாமே இது? தொற."

"இன்னிக்கு உங்களுக்கு வேல இல்லியே. கொஞ்ச நேரம் இருங்க."

"எதுக்கு?"

"அதுங்க மூணும் ராத்திரி பூரா உள்ள இருக்குதுங்க. நீங்க, நான் தோசை சுட்டு முடிக்கிற வரைக்கும் இருங்க, போதும்."

அவள் போய்விட்டாள். சமையல்கட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பு மூட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு மனுஷன் தன் கொட்டகையில், தன் எருமைகளோடு, கொஞ்ச நேரம் நிற்கக் கூடாதா என்ன என்று கம்பீரமாகத்தான் நின்றேன். முதல் தோசை கல்லில் விழுந்து ‘சொய்’ என்ற சத்தம் வருவதற்குள் கண் எரிந்தது. மூத்திர நெடி மூக்கில் ஏறித் தொண்டையில் இறங்கிற்று. இரண்டாவது ‘சொய்’யில் ஓட்டிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் என் பிடரியில் விழுந்தது. வெளியே மழை இல்லை. அண்ணாந்தால், ஓட்டின் அடிப்பக்கம் முழுக்க முத்து முத்தாக வியர்த்திருந்தது. எருமைகளின் முதுகும் நனைந்திருந்தது. எங்கள் ஷாப்பு மாடியில் ஓடு இப்படி வியர்த்திருந்தால் நான் ஆட்களைத் திட்டித் தீர்த்திருப்பேன்.

மூன்றாவது தோசைக்கு நான் கதவின் கீழ்ச் சந்தில் மூக்கை வைக்கப் பார்த்தேன். அங்கே ஏற்கெனவே சின்ன எருமை மூக்கை வைத்துக்கொண்டிருந்தது. அது நகரவில்லை. நான்காவதற்குக் கதவை இடித்துக் கத்தினேன். இடித்த சத்தத்தில் கிழக்குச் சுவருக்கு அப்பாலிருந்து சாயபுவின் குரல் வந்தது.

"யாருய்யா அது? திருடனா?"

"திருடன் இல்லிங்க சாயபு, எங்க வூட்டுக்காரரு" என்று சமையல்கட்டிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள்.

"உள்ள இன்னா பண்றாரு?"

"காத்து வாங்கறாரு!"

ஐந்தாவது தோசைக்குப் பிறகுதான் தாழ்ப்பாள் விலகிற்று. நான் வெளியே வந்து இருமின இருமலைப் பார்த்தால் எந்த வைத்தியரும் புகை போடச் சொல்லியிருப்பார். அவள் ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டிக்கொண்டே சொன்னாள்:

"செத்த ஆட்டுத் தோலுக்கு நாலு பக்கமும் கதவு வெச்சு, நூலு கட்டி, தொறந்து தொறந்து மூடறீங்க. உசுரோட நிக்கறதுக்கு ஒரு ஓட்டை இல்ல."

முகத்தைக் கழுவிக்கொண்டு தோசை தின்றேன். ஐந்தும் நன்றாக இருந்தன. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. வெட்கமாக இருந்தது. அந்தக் கன்றுக்காகத்தானே அத்தனை கோணிப்பையும் சுருட்டினேன்!

வெட்கப்பட்டவன் நிதானமாகச் செய்யமாட்டான். அன்று மத்தியானமே கடப்பாரையை எடுத்தேன். மேற்கில் சுண்ணாம்புக் குழி, தெற்கில் சமையல்கட்டு, வடக்கில் கதவு. மிச்சம் கிழக்குத்தான். எச்சில் தொட்ட விரலைத் தூக்கிப் பிடித்துக் காற்றின் போக்கைப் பார்த்து, எருமையின் மூக்குக்கு நேராக இரண்டு முழ அகலத்தில் சுவரை உடைத்தேன். சாயபுவின் குடும்பம் ஒரு கல்யாணத்துக்காக அன்று காலைதான் வாணியம்பாடிக்குப் புறப்பட்டுப் போயிருந்தது. கேட்க ஆள் இல்லாததால் நானும் கேட்கவில்லை. உடைத்ததும் காற்று ஜிலுஜிலுவென்று வந்தது. மூன்று எருமைகளும் ஒரே நேரத்தில் அந்த ஓட்டைப் பக்கம் திரும்பின. மனைவிகூட, "பரவால்லியே" என்றாள்.

நான் மறந்துபோனது ஒன்று: மூக்கு போகிற இடத்தில் தலையும் போகும்.

திங்கட்கிழமை ராத்திரி சாயபு குடும்பம் திரும்பி வந்தது. மீலாது நபிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. மறுநாள் விடிந்ததும் சாயபுவின் சம்சாரம் வீட்டிலேயே சேமியா திரித்து, கயிற்றுக் கட்டிலில் வெள்ளைத் துணி விரித்துப் பரப்பி, பின்கட்டில் சுவரோரம் நிழலில் காயப் போட்டிருக்கிறார். அரை நாள் கை வேலை. பெரிய எருமை கழுத்தை நீட்டி அதில் பாதியைத் தின்றுவிட்டது. துணியில் ஒரு மூலையையும் தின்றது.

நான் வேலையிலிருந்து வரும்போது சாயபு என் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். தோல் வியாபாரி. நல்ல மனுஷர்தான், ஆனால் குரல் பெரிது. எங்கள் ஷாப்பு முதலாளிக்கு வேண்டியவரும்கூட.

"இன்னா மேஸ்திரி, உங்க எருமை எங்க வூட்டு ஜனானாவ எட்டிப் பாக்குது!"

எங்கள் பக்கத்துச் சாயபுமார் வீடுகளில் பெண்கள் கோஷா, அந்நிய ஆண்கள் கண்ணில் படமாட்டார்கள். பின்கட்டுதான் ஜனானா, அவர்கள் தலையில் முக்காடு இல்லாமல் நடமாடுகிற இடம். அங்கே நான் ஒரு ஜன்னல் வைத்திருந்தேன். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"அது பொம்பள எருமைதானே, சாயபு."

"எருமை பொம்பள. எருமைக்குப் பின்னாடி நின்னு புல்லு போடறது யாரு?"

"நான் போடறதில்ல. எங்க வூட்ல போடுவாங்க."

"அப்ப நீ இன்னாத்துக்கு இருக்க?" என்றார். அந்தக் கேள்விக்கு என் மனைவி உள்ளே சிரித்தது எனக்குக் கேட்டது. சாயபுவுக்கும் கேட்டிருக்கும். அவர் குரலைத் தணித்துக்கொண்டு, "பேஜார் பண்ணாத மேஸ்திரி. சேமியா போச்சு, போவட்டும். ஓட்டைய அடைச்சுடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் ஒரு பலகையை வைத்து ஆணியடித்தேன். மூன்றாம் நாள் காலை மறுபடி இருமல் கேட்டது. மறுநாள் வெள்ளிக்கிழமை என்பது ஞாபகம் வந்து, சீக்கிரம் ஏதாவது செய்ய வேண்டும் என்று தவித்தேன்.

காரியம் நடந்தது வேறு இடத்தில். சேமியா போன அன்றைக்கே என் மனைவி இரண்டு செம்புப் பாலோடு பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள். அங்கே இரண்டு பேருமாகத் திரும்ப மாவு பிசைந்து, பாதிச் சேமியாவைத் திரித்து முடித்தும்விட்டார்கள். மூன்று நாளும் மத்தியானத்தில் அங்கேதான் இருந்திருக்கிறாள். சாயபுவின் சம்சாரம் என்னை ஒருநாளும் பார்த்ததில்லை. நானும் அவரைப் பார்த்ததில்லை. கதவை இடித்துக் கத்தின என் குரலை மட்டும் கேட்டிருக்கிறார். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாராம். பிறகு, "எருமைங்களுக்கு இன்னா ஆச்சு, தங்கச்சி?" என்று கேட்டாராம். என் மனைவி சொன்னதும் அவளை மாடிக்கு அழைத்துக்கொண்டு போய்த் தெருப்பக்க ஜன்னலைக் காட்டியிருக்கிறார். அது ஜன்னலே அல்ல. செங்கல்லை ஒன்று விட்டு ஒன்று வைத்து, இடையிடையே ஓட்டை விட்டுக் கட்டின ஜாலிச் சுவர்.

"நாங்க தெருவப் பாப்போம், தெரு எங்களப் பாக்காது. காத்துக்கு மட்டும் கோஷா கெடையாது. இத மாதிரி ஒண்ணு ஒசரத்துல வெச்சுடச் சொல்லு. வெச்சா எங்க வூட்டுக்காரரு ஒண்ணும் சொல்லமாட்டாரு, நான் பாத்துக்கறேன்."

வியாழக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது என் மனைவி இதை எனக்குச் சொன்னாள். சொல்லிவிட்டு மேலும் சொன்னாள்: அடுப்புப் புகை போகச் சமையல்கட்டில் முகட்டு ஓட்டைத் தூக்கி வைத்திருக்கிறோமே, அப்படிக் கொட்டகையிலும் வைத்தால் சூடும் நெடியும் மேலே போய்விடும்; கதவின் அடியில் ஒரு சாண் அறுத்துவிட்டால் கீழேயிருந்து நல்ல காற்று வரும்; அது போதும், மேற்குப் பக்கம் திறக்கவே வேண்டாம். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டேன். பன்னிரண்டு வருஷம் காற்று வேலை பார்த்தவன் சொல்லியிருக்க வேண்டியது அத்தனையும் அவள் வாயிலிருந்து வந்தது.

வெள்ளிக்கிழமை கொத்தனார் வந்தார். நான் உடைத்த ஓட்டையை அடைத்து, ஆள் உயரத்துக்கு மேலே கூரையை ஒட்டி ஜாலி கட்டினார். மத்தியானத் தொழுகை முடிந்து வந்த சாயபு தம் பக்கத்தில் முக்காலி போட்டு ஏறி நின்றுகொண்டார். சம்சாரம் என்ன சொல்லியிருந்தாலும் அவருக்குச் சோதித்துப் பார்க்க வேண்டும். என்னைத் தீனித் தொட்டிமேல் ஏறி நிற்கச் சொன்னார்.

"இதுல தெரியறனா?"

"தெரியல, சாயபு."

"இதுல?"

"தெரியல."

"இதுல?"

"மூக்கு தெரியுது."

"கொத்தனாரே, இத அரைக்கல்லு வெச்சு அடைங்க."

இருபத்துச் சொச்சம் ஓட்டையையும் இப்படியே பார்த்தோம். நடுவில் தீனித் தொட்டியின் விளிம்பு வழுக்கி நான் பெரிய எருமையின் முதுகில் உட்கார்ந்துவிட்டேன். அது ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து, "எங்க போய்ட்ட மேஸ்திரி? பதில காணோமே?" என்று சாயபு கேட்டுக்கொண்டே இருந்தார். மூன்று ஓட்டைகள் அரைக்கல்லுக்குப் போயின. மற்றவை தேறின.

முகட்டில் இரண்டு இடத்தில் ஓட்டைத் தூக்கிச் செங்கல் முட்டுக் கொடுத்து, மழைத் தண்ணீர் இறங்காமல் மேலே ஒரு குடைமாதிரி ஓடு போட்டோம். கதவின் அடியை நானே அறுத்தேன். கோணிப்பைகளைக் கதவுப் பக்கத்தில் மட்டும் பிடுங்கி எறிந்தேன். பிறகு ஷாப்பிலிருந்து கொண்டுவந்த நூலைக் கூரையின் நடுவில் கட்டித் தொங்கவிட்டு, ஒரு மணையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நூல் மெல்ல, ஒரே சீராக, ஜாலியை நோக்கிச் சாய்ந்தது. எங்கள் மாடியில்கூட இவ்வளவு அழகாகச் சாய்ந்து நான் பார்த்ததில்லை. பொழுது போய் எருமைகளை உள்ளே கட்டவந்த மனைவி, "எழுந்துக்கறீங்களா, இல்ல உங்களுக்கும் ஒரு கவுறு போடட்டா?" என்றாள்.

தை பிறந்தபோது ஓட்டின் அடிப்பக்கம் காய்ந்து கிடந்தது. இருமல் ஒவ்வொன்றாக நின்றது. சின்னதுக்குத்தான் கடைசியில் நின்றது. பனி கொட்டின நாட்களில் எனக்குப் பயம் போகவில்லை. இரண்டு தடவை எழுந்துபோய் முதுகைத் தொட்டுப் பார்த்தேன். உலர்ந்த முதுகு சூடாகவே இருந்தது. கன்று செத்தது குளிரினாலா, பந்தல் ஒழுகி நனைந்ததனாலா என்று அப்போது ஒரு சந்தேகம் வந்தது. மனைவியிடம் கேட்டேன். "ஈரந்தான்" என்றாள். அவளுக்கு அது முதலிலிருந்தே தெரியும். நான் அத்தனை ஆசையாகக் கட்டிக்கொண்டிருந்ததால் சொல்ல மனசு வரவில்லையாம்.

பால் பழையபடி ஒரு செம்புக்கு வந்தது, பிறகு அதற்கு மேலும் போயிற்று. மீலாது நபிக்குச் சாயபு வீட்டிலிருந்து மூடி போட்ட பாத்திரத்தில் சேமியாப் பாயசம் வந்தது. அதோடு ஒரு சேதியும் வந்தது. சாயபுவிடம் ஒரு வண்டிக் குதிரை உண்டு. அதன் லாயத்தையும் மேஸ்திரி வந்து ஒருமுறை பார்க்க வேண்டும் என்று சேதி. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஷாப்பில் எல்லோரிடமும் சொன்னேன். புறப்படும்போது என் மனைவி, கதவடியைப் பாருங்க, முகட்டைப் பாருங்க, ஈரம் சொட்டுதா பாருங்க என்று மூன்று விஷயம் சொல்லி அனுப்பினாள். நான் எனக்குத் தெரியாதா என்றேன்.

லாயத்தில் சாயபுவும் வண்டிக்காரனும் ஒதுங்கி நிற்க, நான் உள்ளே போய்க் கதவடியைப் பார்த்தேன். முகட்டைப் பார்த்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "இங்க காத்து கம்மி, சாயபு. வடக்கால ஒரு ஜாலி வெச்சா சரியாப் போவும்" என்றேன். சாயபு மரியாதையாகத் தலையாட்டினார். இன்னும் கொஞ்சம் விளக்கலாம் என்று நூலை எடுத்துக் கூரையில் கட்டக் கையைத் தூக்கினேன். குதிரை என் தோளைக் கடித்தது.

ஜாலி வைத்தார்கள். குதிரைக்கு அது நன்றாகவே ஒத்துக்கொண்டது என்று வண்டிக்காரன் சொன்னான். எனக்கு ஒரு வாரம் வலது கையைத் தூக்க முடியவில்லை. மாடியில் கதவுகளை ஆட்கள்தாம் திறந்து மூடினார்கள். அந்த வாரம் ஒரு தோல்கூடக் கெட்டுப்போகவில்லை. அதை நான் முதலாளியிடம் சொல்லவில்லை.